நாவலரும் இலக்கணக் கல்வியும்

நல்லூர் ஆறுமுக நாவலரைச் சைவங் காத்த பெரியாராகவே நம்மவர் பெரும்பாலும் அறிவர். அவர் வகுப்பறையில் நின்று இளஞ்சிறார்க்கு எழுத்தறிவித்த ஆசிரியர் என்பதும், மொழியைக் கற்பிக்கும் நெறிபற்றி ஆழ எண்ணியவர் என்பதும் அத்துணைப் பேசப்படுவதில்லை. பரந்தனில் தமிழாசிரியராகக் காலங் கழிக்கும் எமக்கு அப்பகுதியே வேண்டியதாயிற்று. காரணம் பின்னர்க் கூறுவாம்.

1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆந் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையார்க்கும் மைந்தராய்த் தோன்றினார். ஒன்பதாம் வயதில் தந்தையாரை இழந்தார். சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராச முதலியாரிடத்தும் தமிழ் பயின்றார். ஆங்கிலங் கற்றது, இந்நாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என வழங்கும் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில். அதன் தலைவர் பேர்சிவல் பாதிரியார், இருபது வயது நிரம்பாத இவ்விளைஞரின் திறமை கண்டு, 1841இல் அங்கேயே ஆசிரியராக்கினார்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அவர் கீழ்வகுப்புக்களுக்கு ஆங்கிலமும் மேல்வகுப்புக்களுக்குத் தமிழும் கற்பித்தார். ஒரு மொழியை ஒன்றுமறியாச் சிறுவனுக்குப் புதிதாய்ப் புகட்டுவதும், மற்றொரு மொழியை வீட்டிலே பேசி வளர்ந்தவனுக்கு விளக்குவதும் வேறுவேறு தொழில்கள். இரண்டையும் ஒருவரே செய்தமைதான் பிற்காலத்து அவர் நூல்களுக்கு வித்தாயிற்று என்பது எமது துணிபு. அக்காலத் திண்ணைப் பள்ளியில் நிகண்டையும் நன்னூற் சூத்திரத்தையும் பிள்ளைகள் முதலில் நெட்டுருப் பண்ணுவர். பொருள் பின்னர் வந்தாலும் வரும், வாராதொழிந்தாலும் ஒழியும்.

பேர்சிவலுக்குத் துணையாய் விவிலியத்தைத் தமிழாக்கும் பணியும் அவர்க்கு வாய்த்தது. இலக்கணவழுவின்மை மட்டும் அங்கே போதாது. படிப்போர் செவிக்குத் தமிழாக ஒலித்தலும் வேண்டும். சென்னையில் அம்மொழிபெயர்ப்பை ஆராய்ந்த மழவை மகாலிங்கையர் அதன் நடையை ஏற்றுக்கொண்டார்.

1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாவலர், அவ்வாண்டிலேயே மிஷன் பாடசாலை வேலையைத் துறந்தார். மறு ஆண்டு திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர்க்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தனர். சென்னையில் அச்சியந்திரம் வாங்கி வந்து, தம் மாணவர்க்கெனப் பாலபாடங்களை அச்சிட்டார். எளிய சொற்களிற்றொடங்கிச் சிறுவாக்கியங்களுக்கு ஏறி, பின்னர்க் கட்டுரைகளை எட்டும் முறை அவற்றிற் காணலாம். இளம் வகுப்புக்களுக்குக் கடுஞ்சந்திகளைப் பிரித்து எழுதினார். ஆங்கில நூல்களில் வழங்கும் நிறுத்தக் குறிகளையும் தமிழ் வசனத்திற் கையாண்டார். சந்தி தெரியாதவரா அவர்? தெரிந்தமையாற்றான் எவ்விடத்தில் தளர்த்தலாம் என்பதும் தெரிந்திருந்தது.

அவர் இயற்றிய இலக்கணச் சுருக்கம் எம்மை மிகவுங் கவர்ந்த நூல். சூத்திரமின்றி வசனத்தால் இயன்றது. நன்னூலோ எழுத்து, சொல் என்னும் இரண்டு அதிகாரங்களோடு நிற்பது. நாவலர் மூன்றாவதாகத் தொடர்மொழியதிகாரம் வகுத்தார். பிள்ளை சொல்லை அறிவது தொடர் ஆக்குதற்கன்றோ? பகுதிதோறும் இறுதியில் வினாக்களும் உள. அதனால் அவர் சூத்திரத்தைத் தள்ளினார் என்று எவரும் எண்ணற்க. மேற்கற்பார்க்காக நன்னூலுக்குக் காண்டிகையுரையும் செய்தவர் அவரே. சூத்திரத்துக்குரிய வயது எது, வாக்கியத்துக்குரிய வயது எது என்பதே அவர் கண்ட வேறுபாடு.

நிற்க. முற்கூறிய காரணத்துக்கு வருவாம். பயிற்சிக் கலாசாலையினின்று வெளிவந்த புதிதில் யாம் கற்பித்த மாணவனொருவன் பகுபதங்களை ஒரு பிழையுமின்றிப் பிரிப்பான். ஆங்கில வினைச்சொற்களின் காலவடிவங்களையும் ஒரே மூச்சில் ஒப்புவிப்பான். ஒருநாள் அவன் தந்தையாரின் வயலுக்கு இரணைமடுத் தண்ணீர் வாய்க்கால் வழியே வாராமைபற்றிக் கந்தோருக்கு விண்ணப்பம் எழுதவேண்டியிருந்தது. தமிழில் நான்கு வரி எழுதமாட்டாது தாளும் கையுமாக எம்மிடம் வந்தான். அயலூரார் ஒருவர் ஆங்கிலத்தில் வழி கேட்டபோதும் வாய்திறவாது நின்றான். குற்றம் அவனுடையதன்று. புள்ளி பெறுதற்கு வேண்டியதையே யாம் புகட்டினோம். அன்றிரவு இலக்கணச் சுருக்கத்தைத் திறந்து, வினாக்களை மீளப் படித்தோம். மறுநாள் தொடங்கி, வேற்றுமையுருபு கற்பிக்கும் பாடவேளையிற் பாதியைக் கடிதம் எழுதுதற்கு ஒதுக்கினோம். பாடத்திட்டம் முடியாது பின்தங்கியமைக்கு வாங்கிய ஏச்சும் சிறிதன்று.

நாவலர் ஆங்கிலக் கல்வியை வெறுத்தாரெனச் சிலர் கருதுவது தவறு. சைவச் சூழலில் ஆங்கிலம் கற்கவேண்டுமென 1872இல் வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலையைத் தாபித்தார். பொருள் முட்டுப்பாட்டால் அது சில ஆண்டுகளிலேயே நின்றது. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆந் திகதி, 57 வயது நிறைவெய்துமுன், அவரும் மறைந்தார். அவர் கருதிய ஆங்கிலக் கல்விக்கு நிலையான இடம் அமைந்தது 1890இல், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எனும் பெயரோடு. அதனைக் காண அவர் இருந்திலர்.