வரலாற்றுப் புதின ஆசிரியர் கல்கி

ஒரகடத்திற்கு அணித்தேயுள்ள மணிமங்கலத்தைத் தொழிற்சாலைப் பேருந்துகளில் நாள்தோறும் கடந்து செல்லும் நம் இளைஞர் பலர். பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை வென்ற களங்களுள் அவ்வூரும் ஒன்று எனக் கூரம் செப்பேடு கூறுகிறது. அப்போரைச் 'சிவகாமியின் சபத'த்தில் இடம்பெறச் செய்து, ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சியை வீடுதோறும் கொண்டு சேர்த்தவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார்.

1899 செப்டம்பர் 9 அன்று மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். திருச்சியில் உயர்நிலைப் பள்ளி மாணவராயிருக்கையில், 1921இல் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுப் படிப்பைத் துறந்தார். மறு ஆண்டே சிறை புகுந்தார். (நம் பிள்ளைகள் இதனை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டா, அவர் துறந்தது பள்ளியை, புத்தகத்தை அன்று.) திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் எழுத்துப் பயிற்சி பெற்றார். பின்னர் இராஜாஜியின் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் சேர்ந்தார். தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் அங்கு அன்றாடத் தொண்டுகள். அடுத்து 'ஆனந்த விகட'னில் புகழ் பெற்றார். 1941இல் மீண்டும் சிறை சென்று வந்தபின், நண்பர் சதாசிவத்துடன் 'கல்கி' இதழைத் தொடங்கினார்.

'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' ஆகிய மூன்றும் அவ்விதழில் வெளிவந்தவையே. புலிகேசியும் பரஞ்சோதியும் வரலாற்று மாந்தர். சிவகாமியும் அவள் தந்தை ஆயனச் சிற்பியும் கற்பனை. இவ்வேறுபாட்டை அறிந்து படித்தல் நன்று. நூலின் பெருமை மன்னர்க்கே எனினும், கதையை நடத்துவோருள் படகோட்டி பொன்னனும் ஓடக்காரப் பெண் பூங்குழலியும் உளர்; எனக்கு இவர்களே உயிருள்ளவராகத் தோன்றுகின்றனர்.

ஆயினும் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் பெயர் சுட்டப்படுகின்றன. அவ்வரசனின் இளமையைப் பாடுபொருளாகக் கொண்ட ஐந்து பாகங்களில், வயலில் உழைத்த அச்சேரி மக்களின் வாழ்வு விரிவாக எழுதப்படவில்லை. கல்வெட்டு மறைக்காததைப் புதினம் காணாது போயிற்று. அவ்விடம் இன்னும் எழுதப்படாமலே கிடக்கிறது. கல்வெட்டு வாசிக்கப் பயிலும் நம் பட்டதாரிகள் அதனை நோக்குவார்களாக.

1954 டிசம்பர் 5 அன்று கல்கி மறைந்தார். 1956இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது அவருடைய சரித்திரப் புதினங்களுள் ஒன்றன்று. விடுதலைக் காலத்தைக் கூறும் 'அலை ஓசை'யே. நூற்றாண்டையொட்டி அவர் படைப்புகள் நாட்டுடைமையாயின. அதனால் யாரும் அச்சிடலாம் என்ற நிலை வந்தது; மலிவுப் பதிப்புகள் பெருகின.