கலக்கத்திலும் நிலைகுலையாத மேய்ப்பர்: பிரெசிலாக் ஆண்டகை

கோவை பெரிய கடைவீதியில் உயர்ந்து நிற்கும் புனித மிக்கேல் அதிதூதர் பேராலயத்தை அறியாதவர் நம்மில் இல்லை. கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் திருவிழாவுக்குச் சென்று வராத குடும்பமும் நம்மிடையே அரிது. இவ்விரு தலங்களோடும் பின்னிப் பிணைந்த பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் ஆண்டகையின் பெயர். கோவைத் திருச்சபையின் முதல் ஆயராகிய அவரை, பேராலயம் எழுப்பத் தொடங்கியவர் என்றும், குருமாணவர்களை உருவாக்கியவர் என்றும் நாம் அறிவோம். இந்த யூபிலி மலரில் அவரது வாழ்வின் வேறொரு பக்கத்தைப் பங்கு மக்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம். நெஞ்சை அழுத்திய பாரத்தை அவர் எவ்வாறு சுமந்தார் என்பதே அது.

தறி ஓடாத நாட்கள், அடைபடாத கடன், பிள்ளைகளின் படிப்பு, வீட்டில் ஒருவரின் தீராத நோய் என்று நம் குடும்பங்கள் இன்று பல சுமைகளைச் சுமக்கின்றன. தூக்கமின்றி இரவைக் கழிப்போர் நம் நடுவில் பலர். செபித்தும் மனம் கலங்குகிறதே, நம் விசுவாசம் குறைவுடையதோ என்று அஞ்சுவோரும் உண்டு. அவர்கள் இந்த ஆயரின் வரலாற்றை அறிவது நலம்.

தந்தையின் தடையும் தனயனின் அழைப்பும்

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் உள்ள காஸ்தெல்னொதாரி என்னும் ஊரில் 1813 டிசம்பர் 2-ம் நாள் அவர் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியில் செல்வத்தை இழந்த உயர்குலக் குடும்பம் அது. 1838 டிசம்பரில் குருப்பட்டம் பெற்று, சொந்த ஊரிலேயே புனித மிக்கேல் ஆலயத்தில் உதவிக் குருவாகப் பணியாற்றினார். வேதபோதகராகத் தொலைநாடு செல்ல அவர் உள்ளம் துடித்தது. தந்தை இசையவில்லை. பிரிவின் வேதனையை நேருக்கு நேர் சந்திக்க இயலாமல், விடைபெறாமலே 1841-ல் பாரீஸ் வேதபோதக சபையில் சென்று சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் புதுச்சேரியில் வந்து இறங்கினார்.

கொங்கு நாட்டில்

முதலில் சேலம் பகுதியில் தமிழ் பயின்று பணிபுரிந்தார். 1844-ல் புதுச்சேரியில் கூடிய சினோது, இந்நாட்டுக் குருக்களை உருவாக்குவதே தலையாய கடமை என்று வலியுறுத்தியது. அதில் பங்கேற்ற இளங்குருவின் நெஞ்சில் அந்த எண்ணம் ஆழப் பதிந்தது. அதே ஆண்டில் புதுச்சேரிக் குருமடத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1845-ல் புதுச்சேரியிலிருந்து கோவைப் பகுதி பிரிக்கப்பட்டபோது அவரே அதன் தலைவராக நியமிக்கப்பட்டார். 1846 அக்டோபர் 4-ம் நாள் கருமத்தம்பட்டியில் பொன்னான் ஆண்டகை அவரை ஆயராக அபிஷேகம் செய்தார். அப்போது அவருக்கு வயது 32.

நீலகிரி மலையும் சேர்ந்த பரந்த நிலம். கைவிட்டு எண்ணக்கூடிய குருக்கள். கோவா குருக்களின் அதிகாரத்தை ஏற்பதா, உரோமை அனுப்பிய ஆயரை ஏற்பதா என்று பிளவுபட்டு நின்ற ஊர்கள். இவற்றையெல்லாம் அவர் சமாளித்தார். அவரை உள்ளுக்குள் அரித்தது வேறொன்று.

மனச்சாட்சியின் போராட்டம்

நம் நாட்டு வழக்கங்களில் எவற்றைக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளலாம், எவற்றை விட வேண்டும் என்னும் வழக்கு ராபர்ட் தெ நொபிலி சுவாமியின் காலந்தொட்டு நீண்டுவந்தது. 1704-ல் தூர்னோன் ஆண்டகை புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். 1744-ல் பாப்பரசர் 14-ம் ஆசீர்வாதப்பர் தம் தீர்ப்பை வழங்கினார். இங்கு வரும் ஒவ்வொரு வேதபோதகரும் அதைக் கைக்கொள்வதாகச் சத்தியம் செய்ய வேண்டும். பிரெசிலாக் ஆண்டகையும் செய்தார். ஆனால் ஊர்களில் நடந்த வழக்கமோ அந்தச் சத்தியத்தோடு ஒத்துப்போவதாக அவருக்குத் தோன்றவில்லை. ஆலயத்துக்குள்ளும் சாதி பார்த்து இடம் பிரிக்கும் நிலை இருந்தது. சக ஆயர்களும் குருக்களும் ஆளுக்கொரு விளக்கம் தந்தார்கள். அனுமதித்தால் சத்தியத்தை மீறிய பாவம். தடுத்தால் மக்கள் சிதறுவார்களோ என்ற அச்சம். ஆயர் என்ற முறையில் தம் கீழுள்ள குருக்களின் செயலுக்கும் தாமே பொறுப்பு என்று அவர் கருதியதால் சுமை இரட்டிப்பாயிற்று.

இந்த நெருக்கடியில் அவர் செய்தவை நம் கவனத்துக்கு உரியவை. முதலாவது, கலக்கத்தை மூடி மறைக்கவில்லை. நாள்தோறும் குறிப்பு எழுதினார். கண்டதையும், ஐயுற்றதையும், வருந்தியதையும் தாளில் இறக்கி வைத்தார். பன்னிரண்டு ஆண்டு இந்தியப் பணியைப் பற்றி அவர் தொகுத்த நினைவுக் குறிப்புகள் அவற்றிலிருந்து பிறந்தவையே. இரண்டாவது, தனித்து மருகாமல், நம்பிய நண்பர்களுக்கும் மூத்த ஆயர்களுக்கும் மடல் எழுதி ஆலோசனை கேட்டார். மூன்றாவது, தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உள்ள உரோமையிடமே தெளிவான விடை வேண்டினார். நான்காவது, மனம் குமுறிய காலத்திலும் அன்றாடக் கடமையை விடவில்லை. குருமாணவர்களுக்குக் கற்பித்தார், ஊர் ஊராய் மக்களைச் சந்தித்தார், பேராலயப் பணியைத் தொடங்கினார். அந்த ஆலயம் அவருக்குப் பின் 1867-ல் நிறைவு பெற்றது.

அவர் விரும்பிய தெளிவான விடை கிடைக்கவில்லை. 1854-ல் அவர் நம் மண்ணை விட்டு உரோமாபுரிக்குப் பயணமானார். 1855 மார்ச்சில் அவரது பதவி விலகல் ஏற்கப்பட்டது. தாம் நேசித்த மக்களையும் மாணவர்களையும் விட்டுச் செல்வது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. ஆயினும் மனச்சாட்சியை நசுக்கிக்கொண்டு ஆசனத்தில் அமர்ந்திருக்க அவர் உடன்படவில்லை.

வீழ்ச்சிக்குப் பின் புது வாழ்வு

41 வயதில், பதவியின்றி, தோற்றவர் என்ற பெயரோடு நின்ற ஒருவர் கசப்பில் மூழ்கிப்போவது இயல்பு. பிரெசிலாக் ஆண்டகை வெர்சாய் நகரில் கப்புச்சின் துறவியரின் மடத்தில் அமைதியாகத் தங்கித் தியானம் செய்தார். அங்கே மனம் தெளிந்தது. கைவிடப்பட்ட மக்கள் எங்கே என்று தேடினார். ஆப்பிரிக்காவின் தகோமே நாடு கண்முன் வந்தது. 1856 டிசம்பர் 8, அமலோற்பவ அன்னையின் திருநாளில், லியோன் நகரின் பூர்வியேர் மாதா திருத்தலத்தில் சில தோழர்களோடு ஆப்பிரிக்க வேதபோதக சபையைத் தொடங்கினார்.

உரோமை அவருக்குத் தகோமேயைத் தரவில்லை. சியரா லியோனைத் தந்தது. அதையும் ஏற்றார். 1859 மே 14-ம் நாள் ஃப்ரீடவுன் துறைமுகத்தை அடைந்தபோது அந்நகரில் மஞ்சள் காய்ச்சல் மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. அந்நோயைக் கொசு பரப்புகிறது என்று 1900-ல்தான் உறுதியாயிற்று. அன்று யாருக்கும் தற்காப்பு தெரியாது. திரும்பிப் போகாமல் அவர் தம் மக்களிடம் சென்றார். ஜூன் மாதத்தில் அவருடைய தோழர்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். ஜூன் 25-ம் நாள் ஆண்டகையும் கண்மூடினார். மூன்று நாட்களில் எஞ்சியிருந்த குருவும் இறந்தார். ஆறே வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றியது.

முடியவில்லை. பிரான்சில் இருந்த பிளாங்க் சுவாமிகள் சபையைக் கலைக்க மறுத்து நடத்தினார். 1861-ல் அச்சபைக் குருக்கள் ஆண்டகை ஆசித்த அதே தகோமேயில் கால் வைத்தனர். இன்று அந்நாட்டின் பெயர் பெனின். நம் இந்திய மண்ணிலிருந்தும் இளைஞர்கள் அச்சபையில் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்குச் செல்கிறார்கள். இந்நாட்டவரே இத்திருச்சபையை நடத்த வேண்டும் என்ற அவரது கனவும் பலித்தது; 1923-ல் தூத்துக்குடியில் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயரானார். ஆண்டகையை வாட்டிய அந்தச் சத்தியப் பிரமாணத்தை, அவர் இறந்து 81 ஆண்டுகளுக்குப் பின், 1940-ல் உரோமையே நீக்கிவிட்டது. சாதி என்னும் புண்ணோ நம் தமிழ்த் திருச்சபையில் முழுவதும் ஆறிவிட்டதென்று இன்றும் சொல்வதற்கில்லை. அதை ஆற்றும் கடமை நம்முடையது.

2020 மே 26-ம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரது புண்ணிய வாழ்வை ஏற்று, வணக்கத்துக்குரியவர் என அறிவிக்க ஒப்புதல் அளித்தார். கொரோனா நோயால் நம் ஆலயக் கதவுகள் பூட்டியிருந்த நாட்கள் அவை. கொள்ளை நோயில் உயிர்நீத்த மேய்ப்பரின் புகழ், கொள்ளை நோயின் நாட்களில் நம்மை வந்தடைந்தது.

அன்புப் பங்கு மக்களே, கலங்கிய மனம் பாவமன்று, விசுவாசக் குறைவுமன்று. வீரப் புண்ணியம் உடையவர் என்று திருச்சபை ஏற்ற ஓர் ஆயரே ஆண்டுக்கணக்கில் கலங்கினார். நெஞ்சில் உள்ளதைப் பூட்டி வைக்காமல், துணைவரிடமோ, நண்பரிடமோ, பங்குக் குருவிடமோ, தேவைப்பட்டால் மருத்துவரிடமோ திறந்து சொல்லுவோம். அன்றைய வேலையை அன்று செய்வோம். முடியாத சுமையை இறக்கி வைப்பது தோல்வி ஆகாது என்றும், இறக்கி வைத்த இடத்திலிருந்து இறைவன் வேறொரு பாதையைத் திறப்பார் என்றும் நம்புவோம். அடுத்த முறை கருமத்தம்பட்டி அன்னையின் சந்நிதியில் முழந்தாளிடும்போது, அங்கே அபிஷேகம் பெற்ற அந்த இளம் ஆயரையும், நம் தெருவில் இன்று உறக்கமின்றித் தவிப்போரையும் ஒருசேர நினைத்து ஒரு செபமாலை சொல்லுவோமாக.