தொட்டியைக் கவிழ்த்த வைத்தியர்

மழைக்காலம் வந்தால் வடக்கில் இரண்டு விதமான செய்திகளை எழுத வேண்டியிருக்கும். ஒன்று வெள்ளம், மற்றது டெங்கு. வைத்தியசாலை விடுதிகள் நிரம்பிய பிறகு புகையடிக்கும் வாகனம் வரும். டெங்குச் செய்தி எழுதும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் ரொனால்ட் ரொஸ். நுளம்பு வழியாக மலேரியா பரவுகிறது என்று நிரூபித்தவர் என அவரைப் பாடசாலையில் படித்திருப்போம். அதற்குப் பிறகு அவர் செய்த வேலை பாடப்புத்தகங்களுக்குள் அவ்வளவாக வரவில்லை. எங்களுக்கு இன்று தேவைப்படுவது அந்த இரண்டாவது பாதிதான்.

ரொஸ் 1857 மே 13 அன்று இந்தியாவின் அல்மோராவில் பிறந்தார். மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து அப்போது மூன்று நாட்களே ஆகியிருந்தன. தந்தை பிரித்தானிய இந்தியப் படையில் அதிகாரி. மகனுக்குக் கவிதையிலும் கணிதத்திலும்தான் நாட்டம். தந்தையின் விருப்பத்துக்காக லண்டனில் மருத்துவம் படித்து, 1881இல் இந்திய மருத்துவச் சேவையில் சேர்ந்தார்.

1883இல் பெங்களூரில் அவர் தங்கியிருந்த வீட்டில் நுளம்புத் தொல்லை மற்ற வீடுகளை விட அதிகமாக இருந்தது. காரணம் தேடிப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் குடம்பிகள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், தொல்லை குறைந்தது. உணவுக்கூடத்தின் பூச்சாடிகளிலும் தகர ரின்களிலும் தேங்கும் தண்ணீரையும் ஊற்றிவிடலாம் என்று மேலதிகாரியிடம் சொன்னார். அது இயற்கையின் ஒழுங்கைக் குழப்பும் வேலை என்று அதிகாரி மறுத்துவிட்டார். நுளம்புக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொஸ் அன்று அறிந்திருக்கவில்லை. ஆனாலும் தன் வளவைத் தானே பார்த்து, காரணத்தைக் கண்டு, அதை நீக்கி, விளைவையும் கவனித்திருந்தார். இன்று குடிமக்கள் அறிவியல் என்று சொல்லப்படுவதும் இதுதான்.

1894இல் லண்டனில் பற்றிக் மான்சன் அவருக்கு மலேரியாக் கிருமியை நுணுக்குக்காட்டியில் காட்டி, நுளம்பின் மீது சந்தேகத்தைத் திருப்பினார். மறுவருடம் இந்தியா திரும்பிய ரொஸ் செகந்திராபாத்தில் நூற்றுக்கணக்கான நுளம்புகளை அறுத்துப் பார்த்தார். நெற்றி வியர்வை பட்டு நுணுக்குக்காட்டியின் ஆணிகள் துருப்பிடித்தன. காற்றில் நுளம்புகள் பறந்துவிடும் என்பதால் விசிறியும் இல்லை. 1897 ஓகஸ்ட் 20 அன்று ஒரு அனோபிலிஸ் நுளம்பின் வயிற்றுச் சுவரில் தான் தேடியதைக் கண்டார். அந்த நுளம்பு ஹூசைன் கான் என்ற மலேரியா நோயாளியின் இரத்தத்தைக் குடித்திருந்தது. ஒரு கடிக்கு ஒரு அணா அவருக்குக் கூலி. மறுவருடம் கல்கத்தாவில் பறவைகளை வைத்து நோய் பரவும் வழியை முழுமையாகக் கண்டபோது, நுளம்பு பிடித்துக் கொடுத்து உடன் உழைத்தவர் முகம்மது பக்ஸ். 1902இல் நோபல் பரிசு ரொஸ்ஸுக்குக் கிடைத்தது. கடி வாங்கியவரும் நுளம்பு பிடித்தவரும் அடிக்குறிப்புகளில் தங்கிவிட்டார்கள்.

1899இல் அவர் இந்தியச் சேவையை விட்டு விலகி லிவர்பூல் சென்றார். அதே ஆண்டு மேற்கு ஆபிரிக்காவின் சியராலியோனுக்குப் போனார். தலைநகர் பிறீரவுணில் தெருக்குழிகள் எங்கும் குடம்பிகள். அங்கேதான் அவரது நுளம்புப் படைகள் இறங்கின. ஆயுதங்கள் மண்வெட்டி, கூடை, தள்ளுவண்டி, எண்ணெய். ஒரு குழு வீடு வீடாகச் சென்று ரின்களையும் போத்தல்களையும் அகற்றியது. இன்னொன்று குட்டைகளை நிரப்பியது, வடித்தது. படைகளை அமைக்கும் முறை பற்றி 1902இல் ஒரு சிறு கைநூலும் எழுதினார். அதே ஆண்டு சுயஸ் கால்வாய்க் கம்பனி அவரை இஸ்மாயிலியாவுக்கு அழைத்தது. சில ஆண்டுகளில் அந்த நகரில் புதிய மலேரியா ஏறக்குறைய இல்லாமல் போனது.

பிறீரவுணின் கதை அப்படி முடியவில்லை. வேலையைத் தொடர்ந்து நடத்துவதை விட, ஐரோப்பியருக்கு மட்டும் மலையுச்சியில் தனிக் குடியிருப்பு அமைப்பதே குடியேற்ற அரசுக்கு வசதியாகப்பட்டது. 1904இல் அது எழுந்தது. நகரத்து மக்கள் நுளம்புகளோடு கீழேயே இருந்தார்கள். ஆட்சி தன்னை மட்டும் காத்துக்கொண்டு விலகிப்போவதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ரொஸ்ஸின் கணித நாட்டமும் வீண்போகவில்லை. மொரீசியஸில் ஆய்வு செய்து 1908இல் அறிக்கை எழுதியபோது அவர் ஒரு கணக்கைப் போட்டார். மலேரியாவை ஒழிக்க நுளம்புகள் அனைத்தையும் கொல்லத் தேவையில்லை, ஆட்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு ஓர் எல்லைக்குக் கீழே அவற்றைக் கொண்டுவந்தாலே நோய் தானாக அடங்கும். எல்லை இருக்கிறதென்றால் எண்ணவும் வேண்டும். எத்தனை வளவு, எத்தனை பாத்திரம், எத்தனையில் குடம்பி என்று தெரியாமல் வெல்ல முடியாது.

அவர் சண்டைக்காரர். இத்தாலிய விஞ்ஞானி கிராசியோடு யார் முதலில் கண்டது என்று ஆயுள் முழுக்க மோதினார். பணமுடையால் 1928இல் தன் கடிதங்களையும் தாள்களையும் விற்றார். 1932 செப்டெம்பர் 16 அன்று லண்டனில் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து இலங்கையில் மழை பொய்த்து ஆறுகள் வற்றின. ஆற்றுப்படுகைக் குட்டைகளில் அனோபிலிஸ் பெருகியது. 1934–35 மலேரியாவில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தனர். வழி தெரிந்திருந்த காலத்தில் நடந்த இழப்பு அது.

பிறகு இலங்கை மீண்டது. போர் நடந்தபோதும் வலையும் மருந்தும் இரு பக்கமும் போய்ச்சேரச் சுகாதார ஊழியர்கள் பாடுபட்டார்கள். 2012 ஒக்டோபருக்குப் பின் உள்ளூரில் தொற்றிய மலேரியா பதிவாகவில்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய வகை கண்டுபிடிக்கப்பட்டது. கிணறுகளிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் பெருகக்கூடியது அது. 2017இல் நாட்டில் டெங்கு நோயாளர் எண்ணிக்கை 186,000ஐத் தாண்டியது.

எங்கள் ஊர்களில் கணக்கெடுக்க வேண்டியவை வேறு. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்க, கூரையில்லாமல் நிற்கும் வீடுகள். பாழ் கிணறுகள். மூடப்படாத பதுங்குகுழிகள். கிழிந்த தறப்பாள்கள், ரயர்கள், சிரட்டைகள், இலை அடைத்த பீலிகள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் இத்தனையையும் வாராவாரம் பார்ப்பது நடக்காத காரியம். டெங்கு நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை பார்ப்பவர் அந்தத் தெருவிலேயே இருப்பவராக இருக்க வேண்டும்.

அதற்கு இன்று கைத்தொலைபேசி போதும். ஸ்பெயினில் 2014இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் பொதுமக்கள் நுளம்புகளைப் படம்பிடித்து அனுப்புகிறார்கள். அந்நாட்டில் அதுவரை அறியப்படாத ஒரு வகை 2018இல் அப்படியொரு படத்தால்தான் தெரியவந்தது. ஒரு சனசமூக நிலையம், ஒரு பாடசாலை வகுப்பு, ஒரு மாதர் சங்கம் தங்கள் ஒழுங்கைகளின் வரைபடத்தைக் கீறி, தண்ணீர் தேங்கும் இடங்களைக் குறித்து, வாராவாரம் எண்ணி, அந்தத் தாளைப் பிரதேச சபையின் மேசையில் வைக்கலாம். பராமரிப்பற்ற காணிகளுக்கும் அடைபட்ட வாய்க்கால்களுக்கும் சபைதான் பதில் சொல்ல வேண்டும். எண்ணிக்கையோடு கேட்டால் மழுப்புவது கடினம்.

கூரை இழந்த வீட்டுக்கு உரியவர் எப்போது திரும்புவார் என்று எங்களுக்குத் தெரியாது. அதன் முற்றத்தில் கிடக்கும் தொட்டியைக் கவிழ்க்க அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.