பாலைவனத்தில் கார் ஓட்டிய பாக்னால்ட்

கடற்கரை மணலில் சைக்கிள் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நாலு மிதி மிதிப்பதற்குள் சக்கரம் புதைந்துவிடும். இறங்கித் தள்ள வேண்டியதுதான்! சைக்கிளுக்கே இந்தப் பாடு என்றால், மூட்டை முடிச்சுகளோடு போகும் கார் என்ன பாடுபடும்? அதுவும் நூற்றுக்கணக்கான மைலுக்கு ஆளும் இல்லை, கிணறும் இல்லை என்றால்?

அப்படிப்பட்ட இடத்துக்கு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் காரில் கிளம்பியவர் ரால்ப் பாக்னால்ட். இங்கிலாந்தில் 1896-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் ராணுவப் பொறியாளராக இருந்தார். போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் படித்தார். 1926-ல் எகிப்துக்கு மாற்றலாகி வந்தார். அங்கே சகாராவின் கிழக்குப் பகுதியான லிபியப் பாலைவனம் அவரை இழுத்துக்கொண்டது.

இன்று மணலில் பாய்வதற்கென்றே பக்கி வண்டிகள் இருக்கின்றன. அன்று ஊருக்குள் ஓடும் காரைத்தான் மாற்றியமைக்க வேண்டும். எந்தக் காரை? சங்கிலிப் பட்டை பூட்டிய வண்டிகள் மணலில் புதையாது. ஆனால் மெதுவாகப் போகும், பெட்ரோலை ஏராளமாகக் குடிக்கும். பாக்னால்ட் லேசான காரையே விரும்பினார்.

முதலில் அவரிடம் இருந்தது ஃபோர்டு மாடல் டி. எளிய கார். 20 குதிரைத்திறன், முன்னே போக இரண்டே கியர். 1927 இறுதியில் மாடல் ஏ வந்தது. இதற்கு 40 குதிரைத்திறன், மூன்று கியர். மாடல் டி-யில் ரேடியேட்டர் தண்ணீர் சூட்டினால் தானாகவே சுற்றிவர வேண்டும். மாடல் ஏ-யில் அதற்குத் தனி பம்ப் இருந்தது. அப்போது பாக்னால்டுக்கு இந்தியாவில் வேலை. விடுப்பு எடுத்துக்கொண்டு 1929-ல் மீண்டும் பாலைவனத்துக்குப் போனபோது மாடல் ஏ-யைத்தான் கொண்டுபோனார்.

புதிய காரென்று அப்படியே ஓட்டினாரா? இல்லை! கனமான இரும்பு உடலைக் கழற்றிவிட்டு, லேசான மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தினார். அந்த இடத்தில் பெட்ரோலும் தண்ணீரும் ஏற்றினார். டயரில் காற்றைக் குறைத்தார். காற்று குறைந்தால் டயர் அகலமாகப் படியும். மணலில் அதிகம் புதையாது.

அவர் பயன்படுத்திய எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தண்ணீர்த் தகரம்தான். வெயிலில் ரேடியேட்டர் கொதித்து, தண்ணீர் ஆவியாக வெளியேறிவிடும். திரும்பத் திரும்ப ஊற்றினால் குடிக்க என்ன மிஞ்சும்? எனவே ரேடியேட்டரிலிருந்து ஒரு குழாய் எடுத்து, பாதித் தண்ணீர் நிரப்பிய தகரத்துக்குள் விட்டார்கள். ஆவி அந்தத் தண்ணீரில் பட்டு மீண்டும் தண்ணீராகிவிடும். தகரமும் கொதித்தால்? காரைக் காற்றடிக்கும் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும். ரேடியேட்டர் ஆறும்போது, தகரத்துத் தண்ணீர் குடுகுடுவென்று உள்ளே ஏறிவிடும்!

அப்படியும் சில சமயம் கார் புதையும். அதற்கும் வழி வைத்திருந்தார். கெய்ரோவின் காயலான் கடையொன்றில், போர்க்காலப் பதுங்குகுழிக்குக் கூரை போட உதவிய இரும்புத் தகடுகள் கிடைத்தன. அவற்றைச் சக்கரத்தின் கீழே கொடுத்து ஓட்டினால் கார் எழுந்து வந்துவிடும். திசை காட்டும் காந்த ஊசி காரின் இரும்பால் தடுமாறியது. அதனால் சூரிய நிழலைப் பார்த்துத் திசை சொல்லும் கருவியை அமைத்துக்கொண்டார்.

1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பாக்னால்ட் ஆப்பிரிக்காவின் வேறொரு பகுதிக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். வழியில் அந்தக் கப்பல் மற்றொன்றோடு மோதியதால், எகிப்தில் இறங்க நேர்ந்தது. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! 1940-ல் தளபதி வேவல் (பிறகு இந்தியாவின் வைஸ்ராய் ஆனாரே, அவரேதான்) பாலைவனப் படை ஒன்றை அமைக்க அவருக்கு ஆறு வாரம் கொடுத்தார்.

மறுபடியும் அதே கேள்வி: எந்த வண்டி? பாக்னால்ட் தேர்ந்தெடுத்தது ஒன்றரை டன் செவ்ரோலே லாரி. பின்சக்கரங்களுக்கு மட்டுமே இன்ஜின் விசை போகும் வண்டி அது. கதவையும் கூரையையும் கழற்றி, ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டினார்கள். 1941-ல் நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஃபோர்டு லாரிகள் வந்தன. ஆனால் அவை கனமானவை, பெட்ரோலும் அதிகம் கேட்டன. 1942-ல் மறுபடி செவ்ரோலேக்கே திரும்பினார்கள்!

மணல் ஏன் இப்படிக் குவிகிறது என்ற கேள்வியும் அவரை விடவில்லை. 1935-ல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றதும், லண்டனில் கண்ணாடி பதித்த மரக்கூண்டு ஒன்று செய்து, அதற்குள் காற்றை வீசி, மணல் துகள்கள் துள்ளித் துள்ளி ஓடுவதை அளந்தார். அதைப்பற்றி அவர் எழுதிய புத்தகம் 1941-ல் வெளியானது. 1990-ல், தம் 94-ஆம் வயதில் காலமானார்.

செவ்வாய் கிரகத்தில் உள்ள மணல்மேடுகளுக்கு விஞ்ஞானிகள் பாக்னால்டின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். 2015-ல் கியூரியாசிட்டி என்ற ஆறு சக்கர ஆய்வு வண்டி அங்கே போய்ச் சேர்ந்தது. உள்ளே எப்படி இருக்கிறதென்று அறிய, தன் சக்கரத்தாலேயே அந்த மணலைக் கிளறிப் பார்த்தது.