படகுக்கு விசை தந்தவர்

பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில், ஜுரு ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் கோலா ஜுரு எனும் மீனவர் கிராமம் உள்ளது. இத்தகைய ஊர்களில் சிறு படகில் தொழில் செய்பவருக்குப் படகின் பின்புறம் மாட்டியிருக்கும் மோட்டாரே பெருந்துணை. பழைய மோட்டார் கடலில் விசை இழந்தால், அவர் பதற்றமடையாமல் ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். பெட்ரோல் தொட்டியின் காற்றுத் துளை மூடியுள்ளதா? பெட்ரோலில் நீர் கலந்துள்ளதா? பிளக்கில் கரி படிந்துள்ளதா? மோட்டாரைக் குளிர்விக்கும் நீர் தடையின்றி ஓடுகிறதா? நீருக்குள் சுழலும் விசிறியில் வலை சிக்கியுள்ளதா? இவ்வாறு கழற்றி, துடைத்து, மீண்டும் மாட்டக்கூடிய எளிய மோட்டாரை உலகெங்கும் பரவச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஓலே எவின்ரூட்.

ஓலே 1877ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நார்வே நாட்டில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பத்தினர் அமெரிக்காவில் குடியேறி, விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் பயிர்த்தொழில் செய்தனர். பள்ளியில் நெடுங்காலம் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும், இயந்திரங்களின் மீதிருந்த ஆர்வம் அவரை விடவில்லை. பதினாறு வயதில் மேடிசன் நகருக்குச் சென்று, பண்ணைக் கருவிகள் செய்யும் பட்டறைகளில் வேலை செய்தார். நூல்களைத் தாமே படித்து, இயந்திர நுட்பங்களைக் கற்றுக்கொண்டார். பின்னர் மில்வாக்கி நகரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். அங்குக் கணக்குகளையும் கடிதங்களையும் கவனிக்க உதவிய பெஸ் என்பவரே பின்னாளில் அவருடைய மனைவியானார்.

ஒரு கோடை நாளில் இருவரும் நண்பர்களோடு ஓக்காச்சி ஏரிக்குச் சென்றிருந்தனர். பெஸ் பனிக்கூழ் உண்ண விரும்பியதால், ஓலே நெடுந்தொலைவு துடுப்பு வலித்துச் சென்று வாங்கி வந்தார். கொளுத்தும் வெயிலில் பனிக்கூழ் கரைந்துவிட்டது. துடுப்பின் வேலையை ஓர் இயந்திரம் ஏன் செய்யக்கூடாது எனும் எண்ணம் அன்று அவருள் எழுந்ததாகக் கூறப்படுகிறது.

படகு மோட்டார்களை அவருக்கு முன்பே சிலர் செய்திருந்தனர். நம்பிப் பயன்படுத்தக்கூடியதும் வணிகத்தில் நிலைபெறக்கூடியதுமான மோட்டாரை உருவாக்கியதே ஓலேயின் சாதனையாகும். 1909ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த அவருடைய மோட்டார் ஒன்றரைக் குதிரைத் திறன் கொண்டது. எடை சுமார் 28 கிலோகிராம். அதன் விலை 62 அமெரிக்க டாலர். விளம்பரப் பொறுப்பைப் பெஸ் ஏற்றார். நாடெங்கிலுமிருந்து வாங்குவோர் கடிதங்கள் குவிந்தன. கடல்கடந்த நாடுகளின் மீனவர்களும் அதனை விரும்பி வாங்கினர்.

வணிகம் செழித்த வேளையில் பெஸ்ஸின் உடல்நலம் குன்றியது. பொருளைவிட மனைவியின் நலமே பெரிதெனக் கருதிய ஓலே, தொழிலில் தமக்கிருந்த பங்கைக் கூட்டாளியிடம் விற்றார். ஐந்து ஆண்டுகளுக்கு இத்தொழிலில் ஈடுபடுவதில்லை என்றும் உடன்பட்டார். தம் பெயரைத் தாங்கிய நிறுவனம் வேறொருவர் கைக்குச் சென்றது.

எனினும், அவருடைய சிந்தனை ஓயவில்லை. பழைய மோட்டாரின் குறைகளான அதிக எடையையும் அதிர்வையும் களைய முனைந்தார். பல பாகங்களை அலுமினியத்தால் செய்தார். ஒரு சிலிண்டருக்கு மாறாக, எதிரெதிராக இரண்டு சிலிண்டர்களை அமைத்ததால் அதிர்வு தணிந்தது. புதிய மோட்டார் சுமார் 21 கிலோகிராம் எடையுடன் மூன்று குதிரைத் திறனைத் தந்தது. அதனை முதலில் தம் பழைய நிறுவனத்திடமே காட்டினார், அது ஏற்கப்படவில்லை. அவர் மனம் தளராமல், 1921ஆம் ஆண்டில் 'எல்டோ' எனும் புதிய நிறுவனத்தைத் தொடங்கி வெற்றி கண்டார். 1929ஆம் ஆண்டில் அவருடைய பழைய நிறுவனமும் புதிய நிறுவனமும் ஒன்றிணைந்தன. இணைந்த நிறுவனத்திற்கு அவரே தலைவரானார்.

1933ஆம் ஆண்டில் பெஸ் காலமானார். அடுத்த ஆண்டு, 1934 ஜூலை 12ஆம் நாள், ஓலேயும் தமது 57ஆம் வயதில் மறைந்தார்.

தாம் செய்த பொருளின் குறையை மறைக்காமல் தேடிக் கண்டறிந்து திருத்தியதே ஓலேயின் வெற்றிக்குக் காரணம் எனலாம். இயந்திரம் நின்றதும் அதனைப் பழிக்காமல் காரணத்தைத் தேடுபவரே கரை சேர்வார். கடலில் மட்டுமன்று, வாழ்விலும் இஃது உண்மையாகும்.