கடல் கடந்த காரைக்கால் அம்மையார்

பங்குனி மாதச் சுவாதி நட்சத்திரம் காரைக்கால் அம்மையாரின் குருபூசைத் தினமாகும். ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. சுவாமி வீதியுலா வரும்போது அடியார்கள் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். அஜின்கோர்ட் கடைகளில் ஒரு பெட்டி மாம்பழத்தின் விலையைப் பார்த்த நமக்கு அந்தத் துணிவு வராது!

மாங்கனிக் கதை நம் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. ஆனால் அம்மையாரின் வரலாறு ஒரு துறைமுகச் சமூகத்தின் வரலாறும் ஆகும். அதனை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இம்முறை அந்தப் பக்கத்தையே எழுத விரும்புகிறோம்.

அம்மையார் 6ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் என்பது அறிஞர் பலரின் கருத்து. வடக்கே காவிரிப்பூம்பட்டினம், தெற்கே நாகப்பட்டினம், இடையே காரைக்கால். சோழநாட்டின் செல்வம் இந்தக் கரை வழியாகவே வந்தது. ஈழத்துப் பொருளும் கடாரத்துப் பொருளும் புகார் வீதிகளில் குவிந்து கிடந்ததைப் பட்டினப்பாலை அதற்கும் முன்னரே பாடிவிட்டது. இத்தகைய ஊரில் வணிகர் தலைவனாகிய தனதத்தனின் ஒரே மகளாகப் பிறந்தவர் புனிதவதியார். நாகப்பட்டினத்து வணிகன் நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு அவரை மணம் முடித்தனர். ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தகப்பனார், மருமகனைக் காரைக்காலிலேயே தனி மனையும் பெரும் பொருளும் கொடுத்து இருத்தினார். இரு துறைமுகங்களை இணைத்த திருமணம் என்றும் இதைச் சொல்லலாம்.

ஒருநாள் கணவன் இரு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பினான். பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதியார் தயிர்ச்சோற்றுடன் ஒரு கனியைப் படைத்தார். மதியம் உண்ண வந்த கணவன் மற்றதைச் சுவைத்து, இன்னொன்றும் கேட்டான். அம்மையார் இறைவனை நினைந்துருக, கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை முன்னையதைப் போல் இல்லாதிருக்கவே கணவன் விசாரித்தான். அவரும் உள்ளதைச் சொன்னார். நம்பாத கணவன் மேலும் ஒன்றை வரவழைக்கச் சொன்னான். அதுவும் வந்து, அவன் கையில் பட்டதும் மறைந்தது.

பரமதத்தன் அஞ்சினான். மனைவியைத் தெய்வமாகக் கண்டவனுக்கு அவரோடு வாழ முடியவில்லை. கடல் வாணிகம் செய்யப் போவதாகச் சொல்லிக் கலம் கட்டி, பொருள் ஏற்றிப் புறப்பட்டான். இங்கேதான் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்நாளில் கலங்கள் பருவக் காற்றை நம்பி ஓடின. தென்மேற்குக் காற்றில் கிழக்கே போனவர்கள், வடகிழக்குக் காற்று வரும்வரை அங்கேயே தங்க நேரும். மாதக் கணக்கான மௌனம் துறைமுக ஊரில் புதுமையன்று. ஆதலால் ஒருவன் போனது போனதுதான் என்பது எவருக்கும் உடனே தெரியவில்லை. அவன் வேற்று நாட்டில் பொருளீட்டி, பாண்டிநாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் இறங்கி, அவ்வூர் வணிகன் மகளை மணந்து, பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்று பெயரும் வைத்திருந்தான். அவனை முழுக்கக் கெட்டவன் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒன்றும் அறியாமல் மனையறம் காத்துக் காத்திருந்தவரை நினைக்க நெஞ்சு கனக்கிறது.

செய்தி அறிந்த சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி அவ்வூருக்கு அழைத்துச் சென்றனர். பரமதத்தன் மனைவி மகளோடு வந்து அவர் காலில் விழுந்தான். இனிக் கணவனுக்காகத் தாங்கிய உடலழகு எதற்கு என்று அம்மையார் இறைவனை வேண்டி, தசையெல்லாம் உதறிப் பேயுருப் பெற்றார். காலால் மிதிக்க அஞ்சித் தலையால் கயிலை ஏறினார். பிறப்பில்லாத பெருமான் அவரை அம்மை என்று அழைத்தருளினான். பின் திருவாலங்காட்டில் கூத்தப்பெருமானின் அடிக்கீழ் இருந்து பாடும் பேறு பெற்றார். அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகியன 11ஆம் திருமுறையில் உள்ளன.

கணவனைக் கொண்டுபோன கடல்வழி அம்மையாரையும் கொண்டுபோயிற்று. கம்போடியாவில் அங்கோர் அருகே 967இல் அமைந்த பன்தேய் ஸ்ரேய் கோயிலில், ஆடும் சிவனின் அருகே மெலிந்து எலும்பான ஒரு பெண்ணுருவம் செதுக்கப்பட்டுள்ளது. அது காரைக்கால் அம்மையாரே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது 12ஆம் நூற்றாண்டில்! அந்தக் காவியத்துக்கு முன்னரே அம்மையார் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். கலங்களில் மிளகும் துணியும் மட்டும் ஏறவில்லை. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு வெட்டிய குளமொன்றை மணிக்கிராம வணிகர் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது. போன இடத்தில் குளம் தோண்டுபவன் அடுத்த காற்றுக்குத் திரும்பிவிட எண்ணியவனல்லன். சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுச் சிவன் கோயில் கல்வெட்டில் தமிழோடு சீன எழுத்தும் உண்டு. இருமொழிப் பத்திரிகை நடத்தும் எமக்கும், சீன அயலவரோடு வாழும் அஜின்கோர்ட் வாசிகளுக்கும் இது இனிக்கும் செய்தி.

எங்கள் ஈழத்திலும் பொலன்னறுவையில் அம்மையாரின் செப்புத் திருமேனி கிடைத்தது. கொழும்பு அருங்காட்சியகத்தில் அதனைக் கண்டவர்கள் நம்மிடையே இருப்பார்கள். விடுமுறைக்கு நியூயோர்க் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: அங்குள்ள மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தின் சேகரத்தில் சோழர் காலத்து அம்மையார் ஒருவர், கையில் தாளத்துடன் அமர்ந்திருக்கிறார். ஒரு சாண் உயரந்தான் இருக்கும். அந்த எலும்புருவைக் கண்டு சிறுபிள்ளைகள் முதலில் மிரளக்கூடும். மாம்பழக் கதையை வழியிலேயே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.