கருவில் இருந்த குழந்தைக்கு ரத்தம் கொடுத்த டாக்டர்

திருத்தணி மலைக்கு 365 படிகள். குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அதில் ஏறும் தம்பதிகள் எத்தனையோ பேர்!

அப்படி ஒரு கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். வயிற்றிலுள்ள சிசுவுக்கு மூத்திரப் பாதையில் அடைப்பு என்கிறார் டாக்டர். உடனே வைத்தியம் செய்வதா? பிறக்கும்வரை பொறுப்பதா?

இதுபோன்ற சிக்கலை அந்நாளிலேயே சந்தித்தவர் வில்லியம் லைலி. 1929-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பிறந்தவர். அங்கேயே பெண்கள் ஆஸ்பத்திரியில் டாக்டரானார்.

மஞ்சள் நீர்

தாயின் ரத்த வகையும் சிசுவின் ரத்த வகையும் ஒத்துப்போகாவிட்டால், சில சமயம் சிசுவின் ரத்தம் அழியும். அதனால் பல குழந்தைகள் கருவிலேயே இறந்தன.

லைலி பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதித்தார். மஞ்சள் அதிகமானால் ஆபத்தும் அதிகம். அதை மூன்று பிரிவாகக் கோடு போட்டு வகுத்தார். முதல் பிரிவு என்றால் பொறுக்கலாம். இரண்டாவது என்றால் முன்கூட்டியே பிரசவம் பார்க்கலாம். மூன்றாவது? வெளியே எடுத்தாலும் பிழைக்காது. உள்ளே விட்டாலும் பிழைக்காது!

மூன்று தோல்விகள்

அந்தச் சிசுவுக்குக் கருவிலேயே ரத்தம் கொடுக்கத் துணிந்தார் லைலி. தாயின் வயிற்றைத் துளைத்து, சிசுவின் வயிற்றுக்குள் நீண்ட ஊசியைச் செலுத்தினார். எக்ஸ்ரே படம்தான் துணை. முதல் மூன்று குழந்தைகளும் இறந்தன. 1963 செப்டம்பரில் நான்காவது முயற்சி. குழந்தை பிழைத்தது! அப்போது லைலிக்கு வயது 34.

1973-ல் 'சர்' பட்டம் பெற்றார். 1983-ல் காலமானார்.

எப்போது வைத்தியம்?

மூத்திர அடைப்புள்ள சிசுவுக்குக் கருவிலேயே அறுவைச் சிகிச்சை, 1981-ல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்தது.

ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அது வேண்டியதில்லை. ஒரு சிறுநீரகம் மட்டும் வீங்கி, பனிக்குட நீர் குறையாமல் இருந்தால், பெரும்பாலும் ஸ்கேனில் கவனித்துக்கொண்டே பொறுத்திருப்பார்கள். பல வீக்கங்கள் தாமே வடிந்துவிடும்.

இரண்டும் வீங்கி, நீரும் வற்றினால்தான் பெரிய ஆபத்து. பனிக்குட நீரில் பெரும்பகுதி சிசுவின் சிறுநீரே. அது வற்றினால் நுரையீரல் வளராது. அப்போதும் சிறுநீரகம் கெடாமல் இருந்தால்தான், சிசுவின் மூத்திரப்பையில் சிறு குழாய் வைத்து நீரை வடிப்பது பற்றி யோசிப்பார்கள். அதிலும் குறைமாதப் பிரசவ ஆபத்து உண்டு.

அவசரப்பட்டாலும் கேடு, தாமதித்தாலும் கேடு. அளந்து பார்த்த பிறகே ஊசியை எடுத்தார் லைலி. இன்றைய டாக்டர்களுக்கும் அதுவே வழி.